கிரெடிட் கார்டைக் கொண்டே கெட்டுப்போன கடன் பெயரைச் சீர்செய்வது எப்படி? கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கடனோ மோட்டார் சைக்கிள் கடனோ கேட்டுப் போனோம், வங்கி சரியான காரணம் சொல்லாமல் கைவிரித்துவிட்டது என்று வருந்துபவர்கள் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது ஓர் ஆலோசனையும் சொல்லியிருப்பார்கள்: "ஒரு கிரெடிட் கார்டை எடு. மாதம் கொஞ்சம் பாக்கி வை. வட்டி கட்டிக்கொண்டே வா. வங்கிக்கு உன்மேல் நம்பிக்கை வந்துவிடும்."

இதில் முன்பாதி சரி. பின்பாதி குடும்பங்களைக் கடனில் தள்ளும் தவறு. கார்டு எடுத்து ஒழுங்காகக் கட்டினால் கெட்ட பதிவு மாறும் என்பது உண்மைதான். ஆனால் வட்டி கட்டுவதால் யாருடைய மதிப்பும் ஒரு புள்ளிகூட உயர்வதில்லை. உங்கள் பதிவில் ஏறுவது, குறித்த நாளுக்குள் பணம் வந்ததா இல்லையா என்பது. 18 விழுக்காடு வட்டியுள்ள கார்டை ஒரு ரிங்கிட்கூட வட்டி கட்டாமல் ஓராண்டு நடத்த முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு இணையதளங்களில், கடன் பெயர் கெட்டவர்களுக்கென்றே முப்பது, நாற்பது விழுக்காடு வட்டியில் கார்டு தருவதாகப் படித்திருப்பீர்கள். மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே கார்டு வட்டி மூன்று படிகளில் நடக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள், வங்கி அந்தந்த மாதம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையையாவது நேரத்தில் கட்டியவருக்கு 15 விழுக்காடு, 12 மாதங்களில் பத்து மாதமாவது அப்படிக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. புதிதாகத் தொடங்குகிறவர் 18 என்றே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் வட்டி கேட்டு, "இதுவும் கார்டு மாதிரிதான்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் படி: உங்கள் அறிக்கையை நீங்களே படியுங்கள்

மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் சிசிரிஸ் என்ற பதிவகத்தில் உங்கள் வங்கிக் கடன்கள் எல்லாம் இருக்கின்றன. வீடு, கார், கார்டு, தனிநபர் கடன், பிடிபிடிஎன் கல்விக் கடன் என எதுவும் விடுபடாது. அதன் இணையதளமான இசிசிரிஸில் பதிவு செய்து அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் மைகார்டை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் ஜாலான் டத்தோ ஓனில் உள்ள பிஎன்எம்லிங்க் என்ற பேங்க் நெகாரா சேவை மையத்துக்குப் போகலாம். முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

அறிக்கையைக் கையில் எடுத்ததும் பலர் மேலே இருக்கும் பெரிய தொகைகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கண் போக வேண்டிய இடம் வேறு. ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்கான சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் 0 என்றால் அந்த மாதம் பாக்கி எதுவும் இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை நிலுவை, 2 என்றால் இரண்டு மாதம். வங்கி அதிகாரி உங்கள் விண்ணப்பத்தைத் திறந்ததும் முதலில் பார்க்கும் வரிகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கட்டங்களில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் கார் கடனில் ஒரே ஒரு மாதத் தவணையைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டுகிறார். ஆனாலும் அவருடைய வரி 1, 1, 1, 1 என்றே ஓடும். அவர் இந்த மாதம் கட்டும் பணம் போன மாதப் பாக்கிக்கு வரவாகிறது. இந்த மாதம் மறுபடியும் பாக்கியாகிறது. "நான்தான் ஒழுங்காகக் கட்டுகிறேனே, பிறகு ஏன் ஒதுக்குகிறார்கள்?" என்று கேட்பவர்களில் பலருடைய கதை இதுதான். அவர்களுக்குத் தேவைப்படுவது புது கார்டு இல்லை. அந்த ஒரு தவணையையும் அதன் தாமதக் கட்டணத்தையும் சேர்த்து ஒருமுறை கட்டித் தீர்த்தால் போதும். அடுத்த மாதத்திலிருந்து 0 வரத் தொடங்கும். கார்டைப் பற்றி யோசிக்கும் முன் தயவுசெய்து இதைச் சரிபாருங்கள்.

இன்னொரு அறிக்கை சிடிஓஎஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்களுடையது. இவை 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நடப்பவை. சிடிஓஎஸ் மதிப்பெண் 300இல் தொடங்கி 850 வரை போகும். கட்டிய வரலாற்றுக்குத்தான் இதில் பெரும்பங்கு, 45 விழுக்காடு. எவ்வளவு கடன் பாக்கி இருக்கிறது என்பதற்கு 20 விழுக்காடு. எஞ்சியதைக் கடன் வகைகளும், புதிய விண்ணப்பங்களும், கணக்கின் வயதும் பகிர்ந்துகொள்கின்றன. சிசிரிஸில் வராத சிலவும் இங்கே வரலாம்: கட்டாமல் விட்ட கைப்பேசிக் கட்டணம், நீதிமன்ற வழக்கு போன்றவை. என்றோ மறந்துபோன ஒரு தொலைபேசி எண்ணுக்கான நூறு ரிங்கிட் பாக்கிகூட இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

நம்மவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் கூட்டுப் பணம் (சீட்டு) கட்டி, ஒரு மாதம்கூடத் தவறாதவர்கள். அந்த நாணயம் எந்த அறிக்கையிலும் ஏறாது. வங்கியின் கண்ணுக்கு அவர்கள் வரலாறே இல்லாதவர்கள். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சரியாக நடத்தப்படும் ஒரு கார்டு உண்மையிலேயே உதவுகிறது.

இரண்டாம் படி: கார்டு யாருக்கு வேண்டாம்?

இப்போதே இரண்டு மூன்று கார்டுகளில் பாக்கி வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். அவர் போக வேண்டிய இடம் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்கும் கடன் நிர்வாகத் திட்டத்துக்கும் கட்டணம் வாங்குவதில்லை. கோலாலம்பூரில் தலைமையகமும் பினாங்கில் கிளையும் உண்டு. எல்லா வங்கிகளோடும் பேசி, உங்கள் வருமானத்துக்குள் அடங்கும் ஒரே மாதத் தவணையாக மாற்ற முயல்வார்கள். திட்டத்தில் சேர்ந்தால் இருக்கும் கார்டுகளை விட்டுவிட வேண்டும், புதுக்கடனும் எடுக்க முடியாது. அது தண்டனை போலத் தோன்றலாம். ஆனால் 18 விழுக்காட்டில் சுழன்றுகொண்டிருக்கும் கடனை நிறுத்த அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய கடன் வங்கியால் கைவிடப்பட்டு வசூல் நிறுவனத்திடம் போயிருந்தால், வங்கியிடமே நேரில் பேசித் தீர்வுத் தொகையைக் கேளுங்கள். கட்டியதும் கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்காமல் வராதீர்கள். அந்தக் கடிதத்தின் நகலை சிடிஓஎஸ்ஸுக்கு அனுப்பினால்தான் அங்குள்ள பதிவும் திருத்தப்படும். பணம் கட்டிவிட்டு, கடிதம் இல்லாத ஒரே காரணத்தால் அல்லாடுபவர்கள் உண்டு.

இந்த இடத்தில் கடுமையாகவே ஒன்றைச் சொல்கிறேன். "சிசிரிஸ் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம், முன்பணம் 800 வெள்ளி" என்று வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் விளம்பரங்கள் அத்தனையும் மோசடி. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவு இருந்தால், சம்பந்தப்பட்ட வங்கியிடம் நீங்களே எழுதிக் கேட்டுத் திருத்தலாம், அதற்குச் செலவில்லை. பேங்க் நெகாராவிடம் கருப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கடன் தருவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வங்கியும் தானேதான் முடிவு செய்கிறது. இல்லாத பட்டியலிலிருந்து பெயரை நீக்க முன்பணம் கேட்பவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: எந்தக் கார்டு, எப்படிக் கேட்பது

சட்டப்படி முதன்மைக் கார்டுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட், அதாவது மாதம் 2,000. ஆண்டுக்கு 36,000 ரிங்கிட் வரை வருமானம் உள்ளவர் அதிகபட்சம் இரண்டு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே கார்டு வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாதச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. இந்த விதி நம்மைக் காக்கத்தான் வந்தது.

உங்கள் சம்பளம் எந்த வங்கியில் வரவாகிறதோ அங்கேயே முதலில் கேளுங்கள். உங்கள் வரவு செலவு அவர்கள் கண்முன் இருக்கிறது. மைகார்டு நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, இபிஎஃப் அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் பதிவுச் சான்றும் வருமான வரிப் படிவமும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சாதாரணக் கார்டு கிடைக்காது என்று தெரிந்தால், நிரந்தர வைப்பை ஈடாக வைத்துத் தரும் கார்டு இருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். எல்லா வங்கியிலும் இல்லை, சிலவற்றில் உண்டு. நீங்கள் இரண்டாயிரமோ மூவாயிரமோ வைப்பில் போடுகிறீர்கள். அதற்கு ஏற்ப ஒரு வரம்பு தருவார்கள். கார்டு இருக்கும்வரை வைப்பை எடுக்க முடியாது. ஆனால் பதிவில் அது மற்றக் கார்டைப் போலவேதான் மாதாமாதம் ஏறும். பழைய பதிவு மோசமாக உள்ளவருக்கு இதுதான் நான் முதலில் சொல்லும் வழி. வரம்பு சிறியது, ஆசையும் சிறியதாகவே இருக்கும்.

பேரங்காடிகளில் மேசை போட்டு, பயணப் பெட்டி இலவசம் என்று கூப்பிடும் முகவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே கையெழுத்தில் இரண்டு மூன்று விண்ணப்பங்கள் போய்விடலாம். சிசிரிஸ் அறிக்கையில் விண்ணப்பங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டவரை வங்கி பணமுடையில் இருப்பவராகவே பார்க்கும். ஓர் இடத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, சில மாதம் பொறுத்து மறுபடியும் கேளுங்கள்.

நான்காம் படி: கார்டு வந்த நாளிலேயே செய்ய வேண்டியவை

வங்கிச் செயலியைத் திறந்து, ரொக்கம் எடுக்கும் வசதியை நிறுத்த முடியுமானால் நிறுத்துங்கள். ஏடிஎம்மில் கார்டைச் சொருகி ரொக்கம் எடுத்தால் வட்டியில்லாக் காலம், அதாவது கட்ட வேண்டிய கடைசி நாள்வரை வட்டி ஓடாத சலுகை, கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனியாகக் கட்டணமும் உண்டு. பிறகு, கார்டின் மாத அறிக்கைத் தொகை முழுவதையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். இந்த ஏற்பாட்டில் "குறைந்தபட்சத் தொகை", "முழுத் தொகை" என்று இரண்டு தேர்வுகள் வரும். முழுத் தொகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான ஒரு தட்டலில் வட்டி தொடங்கிவிடும்.

கார்டில் போடும் செலவை ஒன்று இரண்டாகக் கட்டுப்படுத்துங்கள். எப்படியும் கட்டப்போகும் கைப்பேசிக் கட்டணம், மின்கட்டணம் போன்றவை நல்ல தேர்வு. பெட்ரோலுக்குப் பயன்படுத்துவதானால் பம்பில் கார்டைச் சொருகாமல், கடைக்குள் போய்த் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள். பம்பில் சொருகினால் 30 ரிங்கிட்டுக்கு நிரப்பினாலும் 200 ரிங்கிட்டைச் சில நாட்களுக்குப் பிடித்து வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. வரம்பே 1,500 உள்ள கார்டில் அது பெரிய தொகை.

ஐந்தாம் படி: ஒரு மாதம் எப்படி ஓடுகிறது

எண்களோடு பார்த்துவிடலாம். உங்கள் கார்டின் அறிக்கை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வருகிறது, பணம் கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். இந்த மாத அறிக்கையில் 182 ரிங்கிட் 40 சென். குறைந்தபட்சத் தொகை 50 ரிங்கிட். பெரும்பாலான கார்டுகளில் பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இதில் எது அதிகமோ அதுதான் குறைந்தபட்சம்.

25ஆம் தேதிக்குள் 182.40 முழுவதையும் கட்டினால் வட்டி பூச்சியம், பதிவில் 0. கதை முடிந்தது.

100 மட்டும் கட்டினால் பதிவில் அப்போதும் 0தான், ஏனென்றால் குறைந்தபட்சத்துக்கு மேல் கட்டிவிட்டீர்கள். பாக்கி வைத்தால் மதிப்பு உயரும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 0 முழுதாகக் கட்டியவருக்கும் கிடைத்த அதே 0. உங்களுக்கு மட்டும் கூடவே வட்டியும் வருகிறது. அதோடு, அடுத்த மாதம் நீங்கள் செய்யும் புதுச் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடுகிறது. செலவு பதிவான நாளிலிருந்தே நாள் கணக்கில் வட்டி.

ஒன்றுமே கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் பாக்கியில் 1 விழுக்காடு. குறைந்தது 10 ரிங்கிட், அதிகபட்சம் 100. பத்து ரிங்கிட் போனால் போகட்டும் என்று தோன்றலாம். அந்த நிலுவை அப்படியே நீண்டு பதிவில் 1 ஏறிவிட்டால், அது 12 மாதம் உங்களோடு நடக்கும்.

பாக்கி பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. 3,000 ரிங்கிட் பாக்கி, வட்டி 18 விழுக்காடு. முதல் மாதக் குறைந்தபட்சம் 150. அதில் 45 வட்டிக்கே போய்விடுகிறது. கார்டை இனித் தொடவே மாட்டேன் என்று பூட்டி வைத்து, மாதாமாதம் குறைந்தபட்சம் மட்டும் கட்டினாலும், தீர ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் ஆகும். வட்டியாக மட்டும் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்திருப்பீர்கள்.

பாக்கி வரம்பில் எத்தனை பங்கு என்பதும் பார்க்கப்படுகிறது. 2,000 வரம்பில் 1,900 செலவழித்து முழுதாகக் கட்டுபவரைவிட, 400 செலவழித்துக் கட்டுபவர் நிதானமானவராகத் தெரிவார். மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு மாதம் மருத்துவமனைச் செலவு வந்துவிட்டால், அறிக்கை வரும் நாளுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிப் பாக்கியைக் குறைத்துவிடலாம்.

கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேறு வங்கியிலிருந்து ஜோம்பே என்ற கட்டணச் சேவை வழியாகக் கட்டும் பணம் அடுத்த வேலை நாளில்தான் வரவாகலாம். தைப்பூசமோ தீபாவளியோ வாரக் கடைசியோடு சேர்ந்து வந்தால் இடைவெளி இன்னும் நீளும். நான்கைந்து நாள் முன்னதாகக் கட்டுங்கள்.

பயன்படுத்தாத கார்டும் காலை வாரும்

ஒவ்வொரு கார்டுக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. கார்டைச் செயல்படுத்தும்போது ஒருமுறை, பிறகு ஒவ்வோர் ஆண்டும். துணைக் கார்டுக்கும் தனியாக 25. கார்டை அலமாரியில் வைத்துவிட்டு, "நான்தான் செலவே செய்யவில்லையே" என்று அறிக்கையைத் திறக்காமல் இருப்பவர்களை இந்த 25 ரிங்கிட் மாட்டிவிடுகிறது. அது கட்டப்படாமல் நிற்கும், அதன்மேல் தாமதக் கட்டணம் ஏறும், பதிவில் 1, பிறகு 2. இருபத்தைந்து ரிங்கிட்டுக்காக வீட்டுக் கடன் தள்ளிப்போவது எவ்வளவு அநியாயம்! தானாகக் கட்டும் ஏற்பாடு இருந்தால் இந்தக் கவலை இல்லை. கார்டு வேண்டாம் என்று முடிவு செய்தால், வெட்டிக் குப்பையில் போட்டால் போதாது. வங்கியிடம் சொல்லிக் கணக்கை மூடி, மூடியதற்கு எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

பூச்சிய வட்டித் தவணைத் திட்டங்களை இந்த ஓராண்டில் தொடாதீர்கள். வரம்பு உயர்த்தித் தருகிறோம் என்று சம்மதம் கேட்டு வரும் குறுஞ்செய்திகளுக்கும் மறுப்புச் சொல்லிவிடுங்கள். நண்பருக்கோ உறவினருக்கோ கார்டைக் கொடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தவறினால் பதிவில் ஏறுவது உங்கள் பெயர்.

ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால்

வேலை போகலாம், சம்பளம் தள்ளிப்போகலாம். கடைசி நாளுக்கு முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள். முழுத் தொகை முடியாவிட்டால் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவிடுங்கள். வட்டி வரும், ஆனால் 1 வராது. அடுத்த மாதம் மிச்சத்தைத் தீருங்கள். இரண்டாம் மாதமும் முடியாது என்று தெரிந்தால் ஏகேபிகேயிடம் போக அதுதான் சரியான நேரம். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிக் கார்டைக் கட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம். 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டம், உரிமம் பெற்றவர்கள்கூட ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆலோங் கேட்பது மாதத்துக்கோ வாரத்துக்கோ அதைவிட அதிகம்.

பன்னிரண்டு மாதம் கழித்து

சிசிரிஸ் கட்டங்கள் 12 மாதங்களைத்தான் காட்டுகின்றன என்பதால், மாதம் ஒன்று கூடக்கூடப் பழைய 1 ஒன்று நகர்ந்து வெளியே போய்விடும். ஓராண்டு முழுக்கத் தவறாமல் கட்டியவருடைய வரியில் 0 மட்டுமே இருக்கும். கார்டு வட்டியும் 15 விழுக்காட்டுப் படிக்கு வர வேண்டும். கார்டின் மாத அறிக்கையில் பாருங்கள், மாறவில்லை என்றால் வங்கியிடம் கேளுங்கள். நீதிமன்ற வழக்கு போன்ற பெரிய பதிவுகள் இவ்வளவு விரைவாக மறையாது, அவற்றுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ விண்ணப்பிக்கும் முன், இரண்டு அறிக்கைகளையும் புதிதாக எடுங்கள். வரிக்கு வரி விரல் வைத்துப் படியுங்கள். நீங்கள் ஜாமீன் நின்ற கடன் ஏதாவது இருந்தால் அதன் நிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிந்தால், கையில் உள்ள தீர்வுக் கடிதத்தோடு அந்த வங்கிக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். பதிவு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே திருத்தம் அறிக்கையில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே புதிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.